ஸ்பேர்தானே என்று தந்த ஆக்டோபஸ்

சிங்கப்பூரில் முதல்முறையாகச் சொந்த முக்குளிப்புச் சாமான் வாங்கப் போகிறவர்கள் கடையில் கட்டாயம் ஒரு யோசனை கேட்பார்கள்: மூச்சுக்காற்றுக்காக வாயில் வைக்கிற ரெகுலேட்டருக்கு நல்லதாகச் செலவழியுங்கள், ஆக்டோபஸ் என்கிற மாற்று ரெகுலேட்டர் சும்மா தொங்கப்போகிற ஸ்பேர்தானே, அதற்கு எது மலிவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். என் செட்டில் ஆக்டோபஸ் ஏறக்குறைய இலவசம். அந்த இலவசத்தைச் சரிசெய்ய நான் பிறகு செலவழித்தது ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் வீண். இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் படித்ததெல்லாம் ஒன்று விளம்பரமாக இருந்தது, இல்லையென்றால் குகைக்குள் முக்குளிப்பவர்களின் சண்டையாக இருந்தது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. சிலிண்டர் தலையில் மாட்டுகிற ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதைச் சுற்றுத் தண்ணீரின் அழுத்தத்தைவிட ஒன்பது பத்து பார் அதிகம் என்ற அளவுக்குக் குறைத்து ஹோஸுக்குள் அனுப்பும். வாயில் வைக்கிற செகண்ட் ஸ்டேஜ், நாம் இழுக்கும்போது மட்டும் திறந்து, மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றைத் தரும். அதே ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து இன்னொரு ஹோஸில் இன்னொரு செகண்ட் ஸ்டேஜ் தொங்கினால் அதுதான் ஆக்டோபஸ். கூட வந்தவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுக்க, அல்லது நம்முடையது கோளாறானால் நாமே எடுத்துக்கொள்ள. மஞ்சள் நிறத்தில் இருப்பது கண்ணில் படுவதற்காக. ஆனால் இரண்டுக்கும் சிலிண்டரும் ஒன்று, ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் ஒன்று. இதை மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் கற்றுக்கொண்டது புலாவ் ஹந்துவில். நம் ஊர்க் கடல் எப்படியிருக்கும் என்று தெரியும்தானே, நல்ல நாளிலேயே இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் தெரியாது. கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரிகிற நாள்களும் உண்டு. அங்கே வாடகைச் சாமானில் பழகிவிட்டு, மலேசியாவின் மெர்சிங் வழியாகத் தியோமான், ஆவுர், தாயாங் தீவுகள் என்று போகத் தொடங்கியதும் சொந்த செட் வாங்கினேன். ஓர் ஆண்டு ஆனதும் சர்வீசுக்குக் கொடுத்தேன். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், இரண்டு செகண்ட் ஸ்டேஜ், பாகங்கள் என்று ரசீதில் தனித்தனியாகப் போட்டு 180 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. சர்வீஸ் முடிந்து வந்த சாமானை நம்பாமல் வேறு எதை நம்புவது?

தாயாங் பயணம் அதற்கு அடுத்த மாதம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பேருந்து, குடிநுழைவில் வரிசை, நள்ளிரவுக்குமேல் மெர்சிங், பிறகு படகு. வார இறுதிப் பயணம் போனவர்களுக்கு அந்த அரைத்தூக்கம் பழக்கமானதுதான். நான் தனியாகப் போயிருந்ததால் படகிலேயே எனக்கு ஒரு ஜோடியைச் சேர்த்துவிட்டார்கள். ஜூரோங்கில் வேலை பார்க்கிற ஒரு தம்பி, தமிழ்ப் பையன், சான்றிதழ் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நல்ல பையன். காற்று மட்டும் கொஞ்சம் வேகமாகத் தீரும் என்று அவனே சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை இரண்டாவது இறக்கத்தில், 18 மீட்டர் ஆழத்தில், அவன் கண் பெரிதாக விரிந்ததைத்தான் முதலில் பார்த்தேன். காற்று இல்லை என்று கழுத்தை வெட்டுகிற சைகை அப்புறம்தான். அவனுடைய காற்றழுத்த மானியில் முள் சிவப்பின் அடியில் கிடந்தது. நான் ஆக்டோவை எடுப்பதற்குள் அவனே பிடித்து இழுத்தான். ரப்பர் வளையத்துக்குள் இறுகிக்கிடந்தது முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் வந்தது. வாயில் வைத்தான். ஒரு மூச்சு இழுத்திருப்பான், உடனே துப்பினான். மறுபடி வைத்தான், மறுபடி துப்பினான். அப்புறம் யோசிக்கவே இல்லை, என் வாயில் இருந்த ரெகுலேட்டரைப் பிடுங்கிக்கொண்டான்.

அந்த நொடியில் எனக்கு வந்தது பயமில்லை, கோபம். அவன்மேல்கூட இல்லை, எல்லாவற்றின்மேலும் ஒரு கோபம். மிதந்துகொண்டிருந்த ஆக்டோவைத் தேடிப் பிடித்து வாயில் வைத்து, பர்ஜ் பொத்தானை அழுத்தித் தண்ணீரை வெளியேற்றி, இழுத்தேன். காற்று வந்தது, கூடவே உப்புத் தண்ணீரும் வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் ஈரம். அப்போதுதான் பயம் வந்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, அதன்மேல் காற்று வழிந்து போகும்படி மெல்ல மெல்ல இழுத்தால் தண்ணீர் தொண்டைக்குள் தெறிக்காது என்று பயிற்சியில் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அதுதான் காப்பாற்றியது. பர்ஜ் பொத்தானை லேசாக அழுத்தியபடியே, அவனுடைய தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். பாதி வழியில் வழிகாட்டி பார்த்துவிட்டார். வந்து அவனைத் தன் ஆக்டோவுக்கு மாற்றிக்கொண்டார், என்னுடையது எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஐந்து மீட்டரில் பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் நிற்கவும் முடிந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

படகில் ஏறி நன்றாக இருமினேன். "சாரிக்கா, சத்தியமா தண்ணிதான் வந்துச்சு," என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். தெரியும், அதையேதான் நானும் குடித்திருந்தேன். மீதி இறக்கங்கள் எதற்கும் நான் போகவில்லை. பணம் திரும்பக் கிடைக்காது என்பது பயண விதி, கேட்கவும் இல்லை. வீட்டில் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. "கடலுக்குள்ள அப்படி என்னத்த வச்சிருக்கு உனக்கு?" என்பவரிடம் இதைச் சொன்னால் என் கடல் வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். சிலிண்டரில் மாட்டினார்கள், பொத்தானை அழுத்தினார்கள், புஸ்ஸென்று காற்று வந்தது. "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்றார்கள். நான் பதற்றப்பட்டிருக்கலாம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். வெளியே வந்து எம்ஆர்டியில் உட்கார்ந்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஈரமாக வந்ததாக நான் கற்பனை செய்துகொண்டேனோ? கடலுக்குள் பட்டதைவிட இதுதான் என்னை அதிகம் வாட்டியது.

அந்தக் கேள்விக்குப் பதில் தந்தவர் ஒரு பழைய தொழிற்பேட்டைக் கட்டடத்தில் சின்ன அறை எடுத்து ரெகுலேட்டர் பழுதுபார்க்கிற ஒரு சீனப் பெரியவர். நண்பர் ஒருவர் அனுப்பிவைத்தார். அங்கிள் சிலிண்டரைத் தொடவே இல்லை. ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குத் தூசி மூடியைப் போட்டார், ஆக்டோவை என்னிடம் நீட்டி, உறிஞ்சிப் பார் என்றார். காற்று இல்லாத நிலையில் உறிஞ்சினால் ஒன்றும் வரக்கூடாது, உதடு இழுபட்டு நிற்க வேண்டும். எனக்குக் காற்று கசிந்து வந்தது. காற்று கசிகிற இடத்தில் தண்ணீரும் கசியும், அவ்வளவுதான் விஷயம். பிரித்துக் காட்டினார். நாம் விடுகிற மூச்சு வெளியேறுவதற்கு ஒரு மெல்லிய சிலிக்கோன் வட்டு இருக்கும், காளான் வால்வு என்பார்கள். அதன் ஓரம் சுருண்டு மடிந்திருந்தது. உள்ளே உப்புப் படிந்திருந்தது. காற்றை அடைக்கிற சின்ன ரப்பர் இருக்கையில் ஆழமாகத் தடம் விழுந்திருந்தது. "இதைச் சென்ற மாதம் யாரும் திறக்கவே இல்லை," என்றார். ரசீதில் மட்டும் திறந்திருந்தார்கள்.

அந்த உறிஞ்சல் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது, காசும் இல்லை. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முந்திய இரவு வீட்டில் செய்கிறேன், இரண்டு செகண்ட் ஸ்டேஜிலும். கசிந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: காளான் வால்வு மடிந்திருக்கும், டயஃப்ரம் (நாம் இழுக்கும்போது உள்வாங்கி வால்வைத் திறக்கிற மெல்லிய வட்டு) கிழிந்திருக்கும் அல்லது சரியாக உட்காராமல் இருக்கும், இல்லையென்றால் வாய்ப்பகுதி ரப்பரில் விரிசல் இருக்கும். அந்த ரப்பரைக் கட்டியிருக்கிற பிளாஸ்டிக் கட்டையும் இழுத்துப் பாருங்கள். கடலுக்குள் அது கழன்றால் ரெகுலேட்டர் கையோடு வரும், ரப்பர் மட்டும் பல்லுக்கிடையில் நிற்கும்.

சர்வீஸ் கொடுக்கும்போதும் இப்போது இரண்டு விஷயம் கேட்கிறேன். மாற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுத் தர வேண்டும். ஓ-ரிங், இருக்கை, எல்லாம். அடுத்தது, எண்களை எழுதித் தர வேண்டும்: ஹோஸில் எவ்வளவு அழுத்தம், ஒவ்வொரு செகண்ட் ஸ்டேஜும் எவ்வளவு உறிஞ்சலுக்குத் திறக்கிறது. இந்த இரண்டாவது எண்ணை நீர்மட்ட அளவில் சொல்வார்கள். வாயில் வைக்கிறது மூன்று சென்டிமீட்டர் பக்கம் இருக்கும், ஆக்டோவை வேண்டுமென்றே நான்கு ஐந்துக்குக் கடினமாக்கி வைப்பார்கள். காரணம் உண்டு. ஆக்டோ நம் வாயில் இல்லை, படகிலிருந்து குதிக்கும்போது வாய்ப்பகுதி மேல்பார்த்துத் திரும்பினால் லேசாக வைத்திருக்கிற வால்வு தானாகத் திறந்து காற்றைக் கொட்டும். அதைத் தவிர்க்கத்தான் இறுக்குகிறார்கள். ஆனால் என்னுடையதில் இருக்கையில் தடம் விழுந்து கசிய ஆரம்பித்ததும், கசிவை நிறுத்த மேலும் இறுக்கியிருந்தார்கள். பிரித்துச் சுத்தம் செய்வதைவிட அது சுலபம். அங்கிள் அளந்தபோது ஏழைத் தொட்டது. பயந்துபோய் மூச்சிரைக்கிறவனுக்கு அது சுவரை உறிஞ்சுகிற மாதிரி இருந்திருக்கும்.

வீட்டிலேயே இதையும் ஓரளவு பார்க்கலாம். சிலிண்டரில் மாட்டித் திறந்துவிட்டு, ஒரு பெரிய வாளித் தண்ணீரில் செகண்ட் ஸ்டேஜை முகப்பு கீழாகவும் வாய்ப்பகுதி மேலாகவும் பிடித்து மெல்ல இறக்குங்கள். டயஃப்ரம் எத்தனை சென்டிமீட்டர் மூழ்கும்போது காற்று சீறத் தொடங்குகிறதோ, தோராயமாக அதுதான் அந்த எண். வாய்ப்பகுதிக்குள் தண்ணீர் புகும் அளவுக்கு இறக்கியும் சத்தமே வரவில்லை என்றால் யாரிடமாவது காட்டுங்கள். ஆக்டோ பயன்படுத்தாமலே தேய்கிற சாமான் என்பதையும் அங்கிள்தான் சொன்னார். ஸ்பிரிங் அந்த இருக்கையை நாள் முழுக்க, அலமாரியில் கிடக்கும்போதும் அழுத்திக்கொண்டேதான் இருக்கிறது. "நான் ஆக்டோவைத் தொட்டதே இல்லை, அதற்கு எதற்கு சர்வீஸ்?" என்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, என் ஆக்டோவின் கோளாறு ஈரத்தோடு முடியவில்லை. ஹோஸும் தப்பு. ஆக்டோவுக்கு 90 முதல் 100 சென்டிமீட்டர் ஹோஸ் வழக்கம். எனக்கு மாட்டித் தந்தது 75 சென்டிமீட்டர், வாயில் வைக்கிற ரெகுலேட்டருக்குப் போடுகிற நீளம். நிறம் மட்டும் மஞ்சள். இது ஏன் முக்கியம் என்றால், இருவர் முகம் பார்த்து நிற்கும்போது என் வலப்பக்கம் அவனுக்கு இடப்பக்கம். ஹோஸ் அவனுக்கு இடமிருந்து வருகிறது, செகண்ட் ஸ்டேஜோ வலமிருந்து ஹோஸ் வரும்படி செய்யப்பட்டது. ஹோஸ் நீளமாக இருந்தால் வளைந்து திரும்பிக்கொள்ளும். குட்டையாக இருந்தால், அவசரத்தில் பிடிக்கிறவன் தலைகீழாகத்தான் வைப்பான். தலைகீழாக வைத்தால் மூச்சு வெளியேறும் வழி மேலே போய்விடும், உள்ளே நின்ற தண்ணீர் வடியாது. அந்தத் தம்பி முதல்முறை துப்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்து நான் வாங்கியது, மிதவைச் சட்டையின் காற்றூதியும் ஆக்டோவும் ஒன்றாகச் சேர்ந்த வகை. ஸ்கூபாப்ரோவின் ஏர் 2, அட்டாமிக்கின் எஸ்எஸ் 1 எல்லாம் இந்த இனம். ஒரு ஹோஸ் குறையும், எதுவும் தொங்கி மணலில் இழுபடாது, எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. 450 வெள்ளிக்கு வாங்கி, சில மாதங்களில் பாதி விலைக்கு விற்றேன். கெட்ட சாமான் என்று சொல்லமாட்டேன், எனக்கு ஒத்துவரவில்லை. அது நம் தோளோடு கட்டப்பட்டிருப்பதால் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. வாயில் இருப்பதைக் கொடுத்துவிட்டு நாம் அதற்கு மாற வேண்டும், அதற்கு வாயில் இருப்பதன் ஹோஸ் நீளமாக இருக்க வேண்டும். நீளமான ஹோஸையும் சேர்த்து வாங்கச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏறும்போது சட்டையிலிருந்து காற்றை வெளியேற்றக் குழாயை உயர்த்த வேண்டும், அதே குழாய் வாயில் இருந்தால் தலையும் கூடவே போகும். பின்பக்க வால்வைப் பழகிக்கொண்டால் சமாளிக்கலாம். இதன் இணைப்பு முனையும் சாதாரணக் காற்றூதியின் முனையைவிடப் பெரிது, பயணத்தில் கோளாறானால் தீவில் மாற்று கிடைப்பது கடினம்.

பக்கவாட்டில் மூச்சு வெளியேறுகிற வகையையும் நண்பர் ஒருவரிடம் வாங்கிப் பார்த்தேன். அதில் மேல் கீழ் என்பதே கிடையாது, எப்படி வைத்தாலும் சரி. எதை வாங்க வேண்டும் என்று கேட்டால், ஜோடி அடிக்கடி மாறுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். விலை கூடுதல், பாகங்கள் எல்லாக் கடையிலும் கிடைக்காது, சில ரகங்களில் குமிழி காதருகே போய்த் தொல்லை தரும். வேறு நிறுவன ஆக்டோவை நம் ஃபர்ஸ்ட் ஸ்டேஜோடு சேர்க்கும்போது ஹோஸ் அழுத்தம் இரண்டுக்கும் ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துப்போகும். போசைடன் ஜெட்ஸ்ட்ரீம் மாதிரி ஒருசிலவற்றுக்கு மட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பக்கம் தனியாக ஓர் அழுத்த விடுப்பு வால்வு வேண்டும், ஏனென்றால் அழுத்தம் கூடினால் மற்ற செகண்ட் ஸ்டேஜ்கள் தானாகத் திறந்துகொள்ளும், இவையோ இறுகிக்கொள்ளும்.

கடைசியில் நான் வந்து நின்ற இடம் வேறு. ஃப்ளோரிடா குகைகளில் முக்குளிப்பவர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருகிற முறை அது: வாயில் இருப்பதை நீள ஹோஸில் வைத்து அதையே கொடுப்பது, மாற்று ரெகுலேட்டரை ரப்பர் கயிற்றில் கழுத்தோடு தாடைக்குக் கீழே மாலை மாதிரி தொங்கவிடுவது. குகையின் ஒடுங்கிய வழியில் ஒருவர் பின் ஒருவராக நீந்த அவர்களுக்கு இரண்டு மீட்டர் ஹோஸ் தேவை. நமக்கு அவ்வளவு வேண்டாம். நான் ஒன்றரை மீட்டர் ஹோஸை வலக்கைக்கு அடியில் கொண்டுவந்து கழுத்தைச் சுற்றி எடுக்கிறேன். சிலர் ஒரு மீட்டர் ஹோஸும் சுழலும் முழங்கை இணைப்பும் போதும் என்கிறார்கள், அதுவும் சரிதான்.

இதைத் தேர்ந்தெடுக்க வைத்தது தாயாங்கில் பார்த்ததுதான். பயந்தவன் வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்கிறதைத்தான் பிடுங்குவான், அது என் வாயில் இருக்கிறது. ஆக்டோ அடுத்தவருக்கு என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் அன்று அதில் மூச்சு வாங்கியது நான். அதனால் இப்போது கழுத்தில் தொங்குவது, வாயில் இருக்கிறதே அதே மாடல், சமநிலைப்படுத்திய வகை, ஏறக்குறைய 380 வெள்ளி. சிலிண்டர் அழுத்தம் குறையும்போது அதன் இழுப்பு மாறாது, ஸ்பிரிங் மென்மையானது என்பதால் இருக்கையும் மெதுவாகத்தான் தேயும். இரண்டுக்கும் ஒரே பாகங்கள் என்பதில் சர்வீசும் எளிது. ஒவ்வொரு இறக்கத்திலும் சில நிமிடங்கள் அதில்தான் மூச்சு விடுகிறேன். கடலுக்குள்ளே, கரையில் இல்லை. கரையில் எல்லா ரெகுலேட்டரும் நன்றாகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: அடிப்படைப் பயிற்சியில் பெரும்பாலும் மஞ்சளைத் தேடிப் பிடிக்கத்தான் சொல்லித்தருகிறார்கள். ஆகவே புதிய ஜோடியிடம் குதிப்பதற்கு முன்பே, "காத்து தீந்தா என் வாயில இருக்கறத எடுத்துக்குங்க, நான் இத எடுத்துக்குவேன்," என்று காட்டிவிட வேண்டும். சிலர் விநோதமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ஒன்றுதான் என்று முதலில் சொன்னேன் அல்லவா. இருவர் ஒரே நேரத்தில் மூச்சிரைக்க இழுத்தால் அது தாக்குப்பிடிக்க வேண்டும். ஐரோப்பியத் தரநிலையில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. ஆக்டோவோடு சேர்த்து இருவருக்குப் போதும் என்று தேறியவற்றில் ஈஎன் 250ஏ என்று பொறித்திருக்கும், அதுவும் 30 மீட்டர் ஆழம்வரைதான். பழைய செட்டைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் இதைப் பார்த்து வாங்கலாம். காற்றின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நாம் பயன்படுத்துகிற அலுமினிய சிலிண்டர் ஏறக்குறைய 11 லிட்டர். 50 பார் மீதமென்றால் 550 லிட்டர். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார். பயந்த ஒருவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால், இருவருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 224 லிட்டர். இரண்டரை நிமிடம்கூட வராது. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறவே இரண்டு நிமிடம் வேண்டும், மேலே போகப்போக அழுத்தம் குறைவதுதான் ஆறுதல். எனக்கு அன்று 90 பார் இருந்தது. இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

ஹோஸைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. துணி மாதிரிப் பின்னிய, வளையக்கூடிய ஹோஸ்கள் இப்போது பிரபலம். லேசானவை, அழகானவை. ஆனால் சிலவற்றின் உள்சுவர் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து, உள்ளே மஞ்சள் படிகங்களாக உதிர்ந்து அடைத்துக்கொண்டதை முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் எச்சரித்திருக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நம்மில் பலர் சாமானை வைப்பது வீவக வீட்டின் பாதுகாப்பறையில், காற்றோட்டம் இல்லாத வெக்கை. நான் சாதாரண ரப்பர் ஹோஸுக்கு மாறிவிட்டேன், ரெகுலேட்டரைப் படுக்கையறை அலமாரிக்குக் கொண்டுபோய்விட்டேன். பின்னல் ஹோஸ் வைத்திருப்பவர்கள் வருடாந்திர சர்வீசில் ஹோஸைக் கழற்றி உள்ளேயும் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்வீசுக்குக் கொடுக்க நல்ல நேரம் நவம்பர், டிசம்பர். பருவமழையில் மெர்சிங் பக்கம் தீவுகள் மூடிக் கிடக்கும், பழுதுபார்ப்பவர்களுக்கு அவகாசம் இருக்கும். பிப்ரவரி கடைசியில் கொண்டுபோனால் ஊரே வரிசையில் நிற்கும், உங்கள் ஆக்டோவைத் திறக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

இன்னும் வாங்காமல் வாடகையில் ஓட்டுகிறவர்கள் படகில் செய்யக்கூடியது இது. சிலிண்டரில் மாட்டுவதற்கு முன் உறிஞ்சிப் பாருங்கள். மாட்டிய பிறகு ஆக்டோவில் பத்து மூச்சு, மானியைப் பார்த்தபடி. முள் ஆடினால் பெரும்பாலும் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறந்திருக்காது. ஆக்டோவின் பக்கத்தில், காற்று தானாகக் கொட்டாமல் தடுக்கிற சின்ன நெம்புகோல் இருந்தால் அது எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறது என்று பார்த்துவையுங்கள். வளையத்திலிருந்து ஒரே இழுப்பில் வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள், வரவில்லை என்றால் வேறு வளையம் கேளுங்கள். தாடைக்கும் விலாவுக்கும் நடுவில், ஜோடியின் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஆனால் படகில் கூடுதல் செட் ஒன்று பெரும்பாலும் இருக்கும், கொடுத்துவிடுவார்கள்.